இருவர் பெயரில் ஓர் அறை

பெர்மெயோ,
16 பிப்ரவரி 1998

அன்புள்ள சோமினுக்கு,

கார்மெலே எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் நன்றாக இருப்பதாக ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் சொன்னாய். அந்த ரேடியோவில் எல்லா ஆண்களும் நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறார்கள். கப்பல் முழுக்கக் காது வைத்துக் கேட்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்? அதனால்தான் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். கம்பெனியில் வெள்ளிக்கிழமை தபால் பை கட்டுகிறார்கள். மார்ச் முதல் வாரம் சீஷெல்ஸ் துறைமுகத்தில் உன் கைக்குக் கிடைத்துவிடும் என்றார்கள்.

செய்தி இதுதான். நாம் பயணம் போகிறோம். நீயும் நானும் மட்டும், மூன்று நாள், தொனொஸ்தியாவுக்கு. ஏப்ரல் 28 செவ்வாய் போய், 30 வியாழன் திரும்புகிறோம். நீ பதினெட்டாம் தேதி வந்து இறங்குகிறாய். பத்து நாள் தூங்கி எழுந்து, உன் சமையல் சங்கத்து நண்பர்களோடு தின்று குடித்துத் தீர்த்த பிறகுதான் இந்தப் பயணம். அவர்களிடமிருந்து உன்னைப் பிடுங்கிக்கொண்டு போனேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

எதற்கு இப்போது என்று கேட்காதே. மே மாதம் வந்தால் இருபத்தைந்து வருடம். கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் நீ டாக்கர் போகும் கப்பலில் ஏறினாய். தேனிலவெல்லாம் அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். நானும் சரி என்றேன். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது, அடுத்த லீவு என்பது பக்கத்துத் தெரு மாதிரி தெரிந்தது.

எந்த ஊர் என்று முடிவு செய்ய ஒரு மாதம் ஆனது. சபினா, என்னோடு மீன் டப்பா ஆலையில் எதிர் மேஜையில் நிற்பவள், பில்பாவோவுக்குப் போகச் சொன்னாள். "அந்தப் புது மியூசியத்தப் பாக்க உலகமே வருதுடி. நாம ஒரு மணி நேர ரயில்ல இருந்துக்கிட்டு இன்னும் பாக்கல" என்றாள். பில்பாவோ நமக்குப் பல் வைத்தியரும் பாஸ்போர்ட் அலுவலகமும் உள்ள ஊர். அங்கே போனால் உனக்கு ஏதாவது ஒரு கையெழுத்து வேலை ஞாபகம் வந்துவிடும். பிறகு காஸ்தெய்ஸை நினைத்தேன். அங்கே கடல் கிடையாது. நிழல் விழும் தெருக்கள், நல்ல மது, உருளைக்கிழங்கு. கடலே கண்ணில் படாத ஊரில் உன்னை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் ஆசைதான். ஆனால் இரண்டாம் நாளே நீ ஜன்னலைத் திறந்து எதையோ தேடுவாய். தொனொஸ்தியாதான் சரி. கடல் இருக்கிறது, ஆனால் வேலைக்குக் கூப்பிடாத கடல். வெறுமே பார்ப்பதற்கென்று வெள்ளைக் கம்பி வேலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

பில்பாவோவிலிருந்து ரயிலில் போனால் மூன்று மணி நேரம் ஆகும், ஒவ்வொரு ஆப்பிள் தோட்டத்திலும் நின்று நின்று போகும். பஸ்ஸில் ஒன்றே கால் மணி. போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று வைத்திருக்கிறேன். பழைய ஊருக்குள் ஒரு சின்ன விடுதியில் அறை சொல்லியாகிவிட்டது, மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. இருவர் பெயரிலும் பதியச் சொன்னேன்.

லீவு வாங்கியதுதான் பெரிய கதை. நெத்திலி வந்து இறங்குகிற மாதம். மேற்பார்வைக்கார அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இந்த நேரத்துலயா? வீட்ல யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். "இல்ல மேடம், ரெண்டு பேரும் உயிரோட இருக்கோம். அதுக்காகத்தான்" என்றேன். மேஜையில் நின்ற எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாள்.

அங்கே ஒரு சன்னலையும் நீ சரிசெய்ய வேண்டாம், ஒரு குழாயையும் பார்க்க வேண்டாம். சும்மா வா.

லைடா பாம்ப்லோனாவிலிருந்து போன் செய்தாள், செவிலியர் படிப்பில் இது கடைசி வருடம் என்பதால் தூக்கமே இல்லையாம். அப்பாவுக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

பத்திரமாக இரு, கையுறை போட்டுக்கொள்.

என்றும் உன்,
கார்மெலே


பெர்மெயோ,
14 ஏப்ரல் 1998

சோமினுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. உன்னை மாற்ற வர வேண்டிய ஜோகினுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கவே முடியவில்லை, இயந்திர அறையில் உன் இடத்துக்கு வர வேறு ஆள் இல்லை, அதனால் நீயே இன்னும் நான்கு மாதம் இருக்கிறாய், ஆகஸ்ட் கடைசியில் வருகிறாய். புரிந்தது. வலி என்றால் யார் என்ன செய்ய முடியும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உன் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்பே எனக்குத் தெரியும். சபினாவின் தம்பி துறைமுக அலுவலகத்தில் இருக்கிறானே, அவன் ஆள் மாற்றும் பட்டியலைப் பார்த்திருக்கிறான். நாங்கள் உப்புக் கையோடு வரிசையில் நிற்கிறோம், அவள் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்னடி, உன் ஆளு இந்தத் தடவ வரலையாமே?" என்றாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமா, அவர் சொல்லிட்டுதான் இருந்தார்" என்று சொல்லிவிட்டு அடுத்த நெத்திலியை எடுத்தேன். அன்று முழுவதும் அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டருக்கு லைடா இரண்டு நாள் வந்தாள். சனிக்கிழமை காலையிலேயே தோழிகளோடு மலைக்குப் போய்விட்டாள். அவள் வயதில் அப்படித்தான் இருக்க வேண்டும். டுனாவும் உருளைக்கிழங்கும் போட்டுக் குழம்பு வைத்தேன். கை பழக்கம், மூன்று பேருக்கு வைத்துவிட்டேன். இன்னும் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

விடுதிக்குப் போன் செய்தேன், அறை வேண்டாம் என்று சொல்லத்தான். பெலிசா என்ற பெண் எடுத்தாள், அவள்தான் உரிமையாளர். "சொல்லுங்க, சொல்லுங்க, அடுப்புல பால் இருக்கு" என்றாள். அந்த அவசரத்தில் என்ன கேட்டேன் தெரியுமா? அறையிலிருந்து கடல் தெரியுமா என்று கேட்டேன். "தலைய வெளிய நீட்டி இடது பக்கம் திரும்பினா ஒரு விரல் அளவு தெரியும்" என்றாள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ரத்து செய்யவில்லை. என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜோகினுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பலாமா? விலாசம் தெரியவில்லை. சீக்கிரம் குணமாகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், அவனுக்காகவும் எனக்காகவும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கார்மெலே


பெர்மெயோ,
3 மே 1998

அன்புள்ள சோமின்,

நான் போனேன். தனியாக.

முதலிலிருந்தே சொல்கிறேன். எனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை, சபினாவிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஆலை முழுக்கத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தேன். ரயிலில் அல்ல, பஸ்ஸில். மூன்று மணி நேரம் ஆப்பிள் மரங்களைத் தனியாகப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நம் ஊர்த் தூறல்தான் அங்கேயும். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது பெலிசா பதிவேட்டைத் திறந்தாள். அறுபது வயது இருக்கும், குட்டையான பெண், காதில் பென்சில். "ரெண்டு பேருன்னு போட்டிருக்கேன். வீட்டுக்காரர் எங்க?" என்று கேட்டாள்.

நீ கடலில் இருக்கிறாய் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பாதி ஊருக்கு அது பழக்கமான பதில்தான். நான் என்ன சொன்னேன் என்றால், "கார் நிறுத்த இடம் தேடிட்டிருக்கார்" என்றேன். உனக்குக் கார் ஓட்டவே தெரியாது, சோமின். பெலிசா தலையாட்டினாள். "பாவம், அப்ப சாயங்காலம்தான் வருவார்" என்றாள். அந்த ஊரில் அது நம்பக்கூடிய பொய்.

ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட வேண்டியிருக்கிறது. அன்று மாலை அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, நீ வந்துவிட்டாய், களைப்பாய்ப் படுத்திருக்கிறாய் என்றேன். மறுநாள் காலை அவள் இரண்டு கோப்பை, இரண்டு ரொட்டி வைத்திருந்தாள். நீ விடியும் முன்பே நடக்கப் போய்விட்டாய், கப்பலில் வந்த பழக்கம் என்றேன். "நல்ல பழக்கம்" என்றாள். அவள் சமையலறைக்குள் போனதும் உன் ரொட்டியையும் நானே தின்றேன். உன் காப்பியையும் குடித்தேன். ஏதோ திருடிவிட்டவள் மாதிரி.

முதல் நாள் மாலை ஒரு மதுக்கடைக்குப் போயிருந்தேன். நின்றுகொண்டே சாப்பிடுகிற இடம். இரண்டு பேர் என்றால் ஒருவர் குடை பிடிப்பார், ஒருவர் கிளாஸ் பிடிப்பார். தனியாக நின்றால் மூன்று கை வேண்டியிருக்கிறது. குச்சியில் ஆலிவும் மிளகாயும் நெத்திலியும் குத்தித் தருவார்களே, அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன் போல. கடைக்காரன், "என்ன மேடம், மீன வாசிக்கிறீங்களா?" என்றான். "முள்ளு எடுத்தவ அவசரத்துல எடுத்திருக்கா. வீட்டுக்குப் போற நேரமா இருந்திருக்கும்" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்து இன்னொரு குச்சி இலவசமாகக் கொடுத்தான். அந்த நேரம் திரும்பிப் பக்கத்தில் பார்த்தேன், நீ இதைக் கேட்டாயா என்று. பழக்கம் இல்லை, சோமின். நீ பக்கத்தில் நின்று எனக்குப் பழக்கமே இல்லை. இருந்தும் திரும்பினேன்.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன்.

மழை விட்டிருந்தது. இகெல்தோ மலைக்கு இழுவை ரயிலில் ஏறினேன். மேலே இறங்கியதும் யாரோ, "கார்மெலே அக்கா! அக்கா!" என்று கூப்பிட்டார்கள். திரும்பினால் ஜோகின். போன வருடம் உன் பெட்டியை எடுக்க வீட்டுக்கு வந்தானே, அதனால் முகம் தெரிந்தது. தோளில் நான்கு வயதுப் பெண் குழந்தை அவன் காதைப் பிடித்துக் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையில் கைக்குழந்தை இருந்த தள்ளுவண்டியை அப்படியே தூக்கிப் படியேறினான். இடுப்பில் ஒரு சுளுக்குகூட இல்லை.

அவன் மனைவி ஓடி வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "உங்களுக்கு பதிலுக்கு நான் என்ன செய்யப் போறேன்னு தெரியலக்கா" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜோகின்தான் சொன்னான்: "மார்ச் பத்தாம் தேதி அண்ணன் கரையிலேருந்து போன் பண்ணாருக்கா. 'கொழந்த பொறந்திருக்காமே, நீ இப்ப வராத, நான் இருந்துக்கறேன்'னாரு. நான் கேக்கவே இல்ல. அக்கா என்ன சொல்லுவாங்கன்னேன். 'அவகிட்ட பேசிட்டேன், அவளுக்கும் சம்மதந்தான்'னாரு. உங்க ரெண்டு பேரு மாதிரி யாருக்கா இருக்காங்க?"

நான் அந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? அவன் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. "ஆமாப்பா, பேசித்தான் முடிவு பண்ணோம்" என்றேன். கைக்குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்று மாதம், கனமான பையன், என் கழுத்தில் எச்சில் ஒழுக்கினான். தனியாகவா வந்தீர்கள் என்று அவள் கேட்டாள். தோழிகள் கீழே காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, இழுவை ரயிலுக்குக்கூட நிற்காமல் பாதை வழியே நடந்தே இறங்கினேன். பாதி வழியில் மறுபடி தூறல்.

நீ கரையிலிருந்து போன் செய்திருக்கிறாய். எனக்கல்ல. என் கடிதம் மார்ச் முதல் வாரம் உனக்குக் கிடைத்தது. பத்தாம் தேதி நீ ஜோகினைக் கூப்பிட்டிருக்கிறாய். இதில் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை.

கடற்கரையில் ஒரு பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்தேன். முதலில் அழுகை, பிறகு கோபம். உனக்கு வேறு ஒருத்தி இருக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். அதை எழுதவும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். பிறகு போன இலையுதிர்காலத்து உன் லீவு ஞாபகம் வந்தது. நீ ஃபிரிட்ஜைத் திறக்கும்போது என்னைப் பார்த்துவிட்டுத் திறப்பாய். கோப்பை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் கேட்பாய். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, கையை மடியில் வைத்து, வைத்தியருக்காகக் காத்திருப்பவன் மாதிரி நம் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். நான் விளக்கைப் போட்டேன். நீ எழுந்து நின்றாய். உன் சொந்த வீட்டில், உன் மனைவி உள்ளே வந்ததற்கு நீ எழுந்து நின்றாய். அன்றே நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என்ன சமைக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் உன்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த அன்று, தரை துடைத்துக்கொண்டே பாடினேன். உரக்கப் பாடினேன். உன் சவர சோப்பை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, குளியலறை மறுபடி என்னுடையது என்று ஒரு நிம்மதி. இரவு படுக்கும்போதுதான் அந்த நிம்மதியை நினைத்துப் பயந்தேன். இருபத்தைந்து வருடம் காத்திருந்து, வந்தவன் போனதும் பாடுகிறவளாக நான் எப்போது ஆனேன்?

அதனால்தான் இந்தப் பயணத்தை நினைத்தேன். நம் வீட்டில் நீ விருந்தாளி. உன் கப்பலில் நான் ஒரு குரல். என்னுடையதும் இல்லாத, உன்னுடையதும் இல்லாத ஓர் இடத்தில், இரண்டு பேருக்கும் கோப்பை எங்கே இருக்கிறது என்று தெரியாத இடத்தில், மூன்று நாள் இருந்து பார்த்தால் என்ன என்று நினைத்தேன். இதைப் பிப்ரவரியிலேயே எழுதியிருக்கலாம். நான் எழுதியது பஸ் நேரத்தை.

வியாழக்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது பெலிசா சாவியை வாங்கி ஆணியில் மாட்டினாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "உங்க வீட்டுக்காரருக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க. இருபது வருஷமா விடுதி நடத்தறேன், இவ்ளோ அமைதியான மனுஷன் இங்க தங்கினதே இல்ல. மூணு நாளா ஒரு இருமல் சத்தம்கூட கேக்கல" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், சிரிப்பு வேறு ஒன்றாக மாறும் வரைக்கும். அவள் பையை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். உட்காரச் சொன்னாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள். முடித்தபோது, "காலைல ரெண்டு ரொட்டியும் காலியா இருந்துச்சே, அப்பவே நெனச்சேன், பொம்பளைக்கு நல்ல பசின்னு" என்றாள். பிறகு, "பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டு, நானும் அவளும் மிச்சப் பட்டாணியை உரித்தோம். ஆலைக்கு வெளியே, நான்கு மாதத்தில் ஒருவரோடு சேர்ந்து நான் செய்த முதல் வேலை அது.

சரி, இப்போது நான் சொல்ல வந்தது.

ஆகஸ்ட் 28 வெள்ளிக்கிழமை உன் விமானம். இந்த முறை நான் விமான நிலையத்துக்கு வரப்போவதில்லை. அன்று மதியத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரை பெலிசாவின் விடுதியில் இருப்பேன். அதற்கடுத்த வாரம் படகுப்போட்டிக் கூட்டம் வந்துவிடும், அந்த மூன்று நாள்தான் கிடைத்தது. விமான நிலையத்திலிருந்து பில்பாவோ வந்து, அங்கே பஸ் மாறினால் போதும். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறேன் என்று நினைக்காதே. வீட்டுக்குப் போனால் நீ வரமாட்டாய், அது உனக்கும் தெரியும். உப்பும் எண்ணெய் நாற்றமுமாகவே வா.

வர முடியாது என்றால், வீட்டுச் சாவி சபினாவிடம் இருக்கும். நான் ஞாயிறு மாலை வந்து சமைப்பேன். சண்டை போட மாட்டேன், யாருக்கும் எதுவும் சொல்ல மாட்டேன், ஊரில் எல்லோரும் இருப்பது போல இருந்துகொள்ளலாம். ஆனால் அதற்குப் பிறகு நான் உனக்குப் பயணம் எதுவும் திட்டம் போட மாட்டேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. அந்த அளவுக்குத்தான் என்னிடம் மிச்சம் இருக்கிறது என்று சொல்கிறேன்.

ஜோகின் குழந்தைக்காக நீ செய்ததும் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். உனக்கு இளகிய மனது. லைடா பிறந்தபோது நீ அங்கோலாவுக்கு அப்பால் இருந்தாய், அவளை முதலில் பார்க்கும்போது அவளுக்குப் பல் முளைத்திருந்தது. அது உனக்குள் இன்னும் கிடக்கிறது. அந்தப் பையன் என் கழுத்தில் எச்சில் ஒழுக்கியபோது உன்மேல் முழுசாகக் கோபப்பட என்னால் முடியவில்லை.

பதில் எழுது. ரேடியோவில் சொல்லாதே. நான்கு வரி போதும், ஆனால் அந்த நான்கும் உண்மையாக இருக்கட்டும். பேச என்ன இருக்கிறது என்று பயமாக இருந்தால் அதையே எழுது. கடல் மாதா உன்னையும் உன் கூட இருக்கிறவர்களையும் காக்கட்டும்.

பயந்துகொண்டே வந்தாலும் பரவாயில்லை, வா. மூன்று மாடி ஏறி நீ கதவைத் தட்டும்போது உள்ளே நானும் பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

உன்,
கார்மெலே